கணித ஆசிரியர் லாஸ்லோ றாற்ஸ்

கல்லூரி விழாமலர்களைப் புரட்டுவோர் ஒன்றைக் கண்டிருப்பர். நிறுவியவர், தருமகர்த்தாக்கள், அதிபர்கள் ஆகியோரின் படங்கள் தனித்தனிப் பக்கங்களிற் பொலியும். முப்பது ஆண்டுகள் ஒரே வகுப்பறையில் வெண்கட்டியுங் கையுமாக நின்ற ஆசிரியரோ, ஆசிரியர் குழாத்தின் படத்திலே இரண்டாம் வரிசையில் ஒரு முகமாக மாத்திரம் எஞ்சுவார். ஆயினும் பழைய மாணவர் நால்வர் கூடியவிடத்து நடைபெறும் பேச்சு அந்த இரண்டாம் வரிசையைப் பற்றியதே என்பதை நாம் அனைவரும் அறிவோம். அப்பேச்சு ஏட்டில் ஏறுவதில்லை. பேசியவர் மறைய அதுவும் மறைந்துவிடுகின்றது. அவ்வாறு மறையாது, பள்ளியாசிரியர் ஒருவரின் பெயர் ஒரு தேசத்தின் பரிசுப் பெயராக மாறிய வரலாறு ஒன்றுண்டு. அஃது ஹங்கேரி நாட்டில் நிகழ்ந்தது. அவ்வாசிரியர் லாஸ்லோ றாற்ஸ் என்பவர். அப்பரிசு ஏற்படுவதற்கு அவர் இறந்த பின் எழுபது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தன.

றாற்ஸ் 1863ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 9ஆந் திகதி, அவுஸ்திரிய எல்லையை அடுத்துள்ள ஷோப்ரொன் என்னும் பழைய நகரிலே பிறந்தார். பள்ளிப் படிப்பை அந்நகரிலே பெற்று, புடாபெஸ்ற் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின்னர் ஜேர்மன் சாம்ராச்சியத்துக்குச் சென்று பேர்லினிலும் ஸ்ற்ராஸ்பூர்க்கிலும் மேற்கல்வி கற்றார். அக்காலத்தில் இவ்விரு நகரங்களும் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் பேர்பெற்ற இடங்கள். அங்கே சென்று மீண்ட இளைஞர் ஒருவர் பல்கலைக்கழகப் பதவியொன்றை நாடியிருந்தால் எவரும் வியந்திரார். றாற்ஸ் பள்ளிக்கூடத்தை நாடினார். 1890இல் புடாபெஸ்ற் நகரின் லூதரன் சபையார் நடத்திய உயர்தரப் பாடசாலையில் ஆசிரியராக அமர்ந்தார். 1925இல் இளைப்பாறும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் அதனை விட்டு நீங்கவில்லை.

அப்பாடசாலையைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். 1823இல் தோன்றிய அக்கழகம், 1904இல் நகரப் பூங்காவை நோக்கிச் செல்லும் மரச்சாலையொன்றின் ஓரத்தே எழுந்த புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. அச்சாலையின் பெயராலேயே உலகம் அதனை இன்றும் அறிகின்றது; பாசோரிப் பாடசாலை என்பது அதன் வழக்குப் பெயர். கிறித்தவ சபையொன்றின் பாடசாலையாயினும் அதன் வாயில் பிற சமயத்தவர்க்கு அடைக்கப்பட்டதன்று. நகரத்து யூதக் குடும்பங்கள் பல தம் பிள்ளைகளை விரும்பி அங்கு அனுப்பின. சமய பாட வேளையில் ஒவ்வொரு சமயத்துப் பிள்ளையும் தத்தம் குருமாரிடம் கற்றது. சைவப் பிள்ளைகளுக்கெனத் தனிக் கல்லூரிகளை நிறுவவேண்டிய நிலைக்கு முன்னோர் தள்ளப்பட்ட வரலாற்றை அறிந்த நமக்கு, இச்செய்தி புதுமையாகவே தோன்றும்.

றாற்ஸின் கைகளுக்கு வந்து அவர் வாழ்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரு சஞ்சிகை. ஜியோர் என்னும் நகரத்திலே டானியேல் அரானி என்ற மற்றொரு பள்ளியாசிரியர், உயர்தரப் பாடசாலை மாணாக்கருக்கெனக் கணித மாசிகையொன்றைத் தொடங்கியிருந்தார். அதன் முதலிதழ் 1894ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளின் பின், 1896இல், அதனை நடத்தும் பொறுப்பு றாற்ஸிடம் வந்தது. 1914 வரை அவரே அதன் ஆசிரியர். பகலில் வகுப்பு, இரவில் சஞ்சிகை என்பதாகப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

அச்சஞ்சிகை செய்த வேலை மிக எளியது. மாதந்தோறும் சில கணக்குகள் அதில் வெளிவரும். பாடநூற் கணக்குகள் போன்று வாய்பாட்டில் இட்டு விடை எடுக்கத் தக்கவையல்ல அவை. நாட்கணக்கிற் சிந்தித்தாலன்றி வழி புலப்படாதவை. நாட்டின் எந்த மூலையிலுள்ள மாணாக்கனும் தன் தீர்வை எழுதித் தபாலில் அனுப்பலாம். வந்தவற்றைப் படித்து ஆராய்ந்து, சிறந்த தீர்வை அதனை எழுதியவனின் பெயரோடும் பாடசாலைப் பெயரோடும் அச்சிடுவர். சரியாகத் தீர்த்த ஏனையோரின் பெயர்களும் அடியிலே வரிசையாக வரும். காலப்போக்கிலே, முன்னணியில் நின்ற மாணாக்கரின் புகைப்படங்களை ஆண்டிறுதியில் வெளியிடும் வழக்கமும் உண்டாயிற்று.

பணமோ பதக்கமோ இல்லாத இவ்வூக்கம் என்ன செய்தது என்பதை ஒருவர் வாயிலாகவே காட்டலாம். காபோர் செகோ என்னும் சிறுவன் தலைநகரில் அன்று, சொல்னொக் என்னும் நாட்டுப்புற நகரொன்றிற் படித்தவன். 1908 முதல் 1912 வரை அவன் அச்சஞ்சிகைக்குத் தீர்வுகளை அனுப்பினான். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோது, இதழ் வந்து சேரும் நாளை எத்துணை ஆவலோடு காத்திருந்தார் என்பதையும், தம்மால் இயலாத கணக்கைத் தீர்த்த முன்பின் கண்டறியாத மாணாக்கர் மீது எத்துணைப் பொறாமை கொண்டார் என்பதையும் அவரே எழுதியிருக்கின்றார். நல்ல பொறாமை அது. தனித்தனி ஊர்களில், தம்மைப் போல் எவருமிலர் என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு, உங்களைப் போல் இன்னும் பலர் உளர் என்று மாதந்தோறும் அறிவித்தது அச்சஞ்சிகை. லிப்போற் பெயேர், தியோடர் வொன் கார்மான், அல்பிரெட் ஹார், மார்செல் றீஸ் ஆகிய பிற்காலப் பேரறிஞர் பலரின் பெயர்களும் அப்பட்டியல்களிற் சிறுவர் பெயர்களாகக் கிடக்கின்றன. அவர்களுட் பெரும்பாலோர் றாற்ஸின் வகுப்பறையை ஒருநாளேனும் கண்டவரல்லர்.

ஈண்டு மற்றொன்றையுங் குறிப்பிடுதல் தகும். சஞ்சிகை தோன்றிய அதே 1894ஆம் ஆண்டில், பௌதிக அறிஞர் பாரன் லொராண்ட் எற்வெஷ் கல்வி மந்திரியானதைப் போற்றுமுகமாக, ஹங்கேரியக் கணித பௌதிகச் சங்கத்தார் பள்ளிப் படிப்பை அவ்வாண்டில் முடித்த மாணாக்கருக்குக் கணிதப் போட்டியொன்றை ஏற்படுத்தினர். பரிசு பெற்றவர்களின் பெயர்களைப் பதிப்பிக்கும்போது, இவர் இன்ன பாடசாலையில் இன்ன ஆசிரியரின் மாணாக்கர் என்று ஆசிரியரின் பெயரையும் உடன் பதிப்பிப்பது அந்நாட்டு வழக்கம். ஒரு வரியிலே இரண்டு பெயர்கள், செலவு ஏதுமில்லை. எளியதாயினும் இவ்வழக்கத்தைப் பின்பற்றும் தேசங்கள் மிகச் சிலவே.

சஞ்சிகையைப் பேசியதிலே வகுப்பறையை மறந்துவிடலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் பெலிக்ஸ் கிளைன் என்னும் கணித மேதை, பள்ளிகளிற் கணிதம் கற்பிக்கும் முறையைத் திருத்துதல் வேண்டுமென்று பெரியதோர் இயக்கத்தை நடத்தினார். ஹங்கேரியில் அவ்வியக்கத்தை மனோ பேக்கெ என்னும் பேராசிரியர் தலைமை தாங்கி 1906 முதல் முன்னெடுத்தார். அவருக்குத் துணைநின்றவர்களுள் றாற்ஸும், அவரோடு ஒரே பாடசாலையிற் பௌதிகம் கற்பித்த ஷாண்டர் மிக்கோலாவும் முதன்மையானவர்கள். ஒன்று மாற மற்றொன்று எவ்வாறு மாறுகின்றது என்னும் சார்புக் கருத்தையே பள்ளிக் கணிதத்தின் நடுநாயகமாக வைத்தல் வேண்டும், வரைபுகளைத் தாமே வரைந்து பழகிய பிள்ளைக்கு மேல் வகுப்பில் நுண்கணிதத்தின் அடிப்படைகளையும் கொடுத்தல் கூடும் என்பது அவர்களின் துணிபு. றாற்ஸும் மிக்கோலாவும் சேர்ந்து 1910இல் வெளியிட்ட நூல் இப்பொருள் பற்றியதே. கணித ஆசிரியர் ஒருவரும் பௌதிக ஆசிரியர் ஒருவரும் ஒரே மேசையிலிருந்து ஒரு நூலை எழுதினர் என்பதே நம்மிற் பலருக்கு வியப்பளிக்கலாம். நம் காலத்து ஆசிரியர் அறைகளில் அவ்விரு பாடத்தாரும் நேரசூசி பற்றியன்றிப் பிறிதொன்றைப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

1909இல் றாற்ஸ் அப்பாடசாலையின் அதிபரானார். ஐந்தாண்டுகள் அப்பதவியை வகித்து 1914இல் அதனின்றும் விலகினார். அதே ஆண்டில் முதலாம் உலக யுத்தம் மூண்டது, சஞ்சிகையும் நின்றுபோயிற்று. ஐம்பத்தொரு வயதில், அதிபர் நாற்காலியுமின்றி, பதினெட்டு ஆண்டுகள் வளர்த்த சஞ்சிகையுமின்றி, அவர் முன்போலவே வகுப்பறைக்குச் சென்றார். அங்கே அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த பத்து வயதுப் பிள்ளைகளுள் ஒருவன் வங்கியாளர் மிக்ஸா நொய்மானின் மூத்த மகன், பெயர் யானோஸ். ஜோன் வொன் நொய்மான் என்ற பெயரால் உலகம் பின்னர் அறிந்துகொண்ட மேதை அவனே.

அப்பிள்ளையின் ஆற்றல் சாதாரணமானதன்று என்பதைக் கண்டுகொள்வதற்கு றாற்ஸுக்கு நெடுங்காலம் வேண்டியிருக்கவில்லை. திறமை வாய்ந்த பிள்ளையொன்று கைக்குக் கிடைத்தால், அதனைத் தம் பிள்ளை என்று காட்டிப் பெருமை கொள்வதே பெரும்பாலான ஆசிரியரின் இயல்பு. இதனைக் குற்றமென்று சொல்லவும் மனம் வரவில்லை. றாற்ஸ் வேறு வழியிற் சென்றார். அவர் தந்தையாரிடம் நேரே சென்று, இப்பிள்ளைக்குப் பள்ளிக் கணிதத்தை மட்டும் கற்பித்தல் காலத்தை வீணாக்குதலாகும், பல்கலைக்கழகத்தார் இவனுக்குக் கற்பித்தல் வேண்டும், அதற்கான ஒழுங்குகளைத் தாமே செய்து தருவதாகவும் கூறினார். தமக்கு மேற்பட்டவரிடம் இவனை ஒப்படைத்தல் வேண்டும் என்று ஓர் ஆசிரியர் தாமாகவே முன்வந்து சொல்வது எளிய செயலன்று. அதிலும் அவர் நாடறிந்த கணித ஆசிரியர், பாடநூலாசிரியர், முன்னாள் அதிபர்.

தந்தையார் இசைந்தார். கியூர்ஷாக் முதலிய பேராசிரியர்களின் துணையோடு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இளம் கணிதவறிஞர் சிலர் நொய்மானுக்கு வீட்டிலே கற்பித்தனர். முதலில் வந்தவர்களுள் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் சொல்னொக்கிலிருந்து சஞ்சிகைக்குத் தீர்வுகளை அனுப்பிய அதே காபோர் செகோ. முதற் சந்திப்பின் பின் வீடு திரும்பியபோது அவர் கண்களில் நீர் மல்கியிருந்ததென்று அவர் மனைவியார் பிற்காலத்திற் கூறியிருக்கின்றார். பின்னர் வந்த மிஹாயி பெக்கெற்றே என்பவரோடு சேர்ந்து நொய்மான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1922இல் அச்சேறிற்று. பள்ளியை விட்டு அவர் வெளியேறி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது.

எனினும் பிள்ளையை வகுப்பிலிருந்து பிரிக்கவில்லை. மேல் வகுப்புகளுக்குத் தாவவும் விடவில்லை. தன் வயதுத் தோழரோடு அதே வாங்கில் இருந்து அதே பாடங்களை அவன் கற்றான். றாற்ஸும் அவனுக்குத் தனியே கற்பித்தார். அதற்குக் கட்டணம் பெற மறுத்தார் என்று உடன் படித்த விக்னர் தம் நினைவுகளிற் குறிப்பிட்டிருக்கின்றார். அத்தகைய மனமொன்றைப் பயிற்றும் வாய்ப்பே போதிய ஊதியமென அவர் கருதினாராம். ரியூசன் கட்டணம் மாத வரவுசெலவின் ஓர் அங்கமாகிவிட்ட இந்நாளில், இச்செய்தியைப் படிக்கும் பெற்றோர் பெருமூச்சு விடுவர். ஆசிரியர்கள் வேறு விதமாக மூச்சு விடுவர். குடும்பம் நடத்தவேண்டிய ஆசிரியரைக் கட்டணம் பெறாதிருக்குமாறு கேட்கும் உரிமை நமக்கில்லை. நொய்மான் வீட்டார் செல்வந்தர் என்பதையும், கொடுக்க வல்லவரிடமே றாற்ஸ் மறுத்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

யூஜீன் விக்னர் நொய்மானுக்கு ஒரு வயது மூத்தவர். பள்ளியில் ஒரு வகுப்பு முன்னே இருந்தவர். அவரை றாற்ஸ் நடத்திய விதம் வேறு. அவருக்குத் தனி வகுப்பில்லை. வீட்டிற்கு எவரையும் அனுப்பவுமில்லை. கேட்டபோதெல்லாம் ஒரு நூலைக் கொடுத்தார். அதனைப் படித்து முடித்தபின் அடுத்த நூலைக் கொடுத்தார். தெளிவாக எழுதப்பட்ட நல்ல நூல்களாகத் தெரிந்து கொடுத்தார் என்பதை விக்னர் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கின்றார். ஒருவனை விரைந்து ஓடவிடல் வேண்டும், மற்றவனைத் தனியே நடக்கவிடல் வேண்டும் என்று இரு பிள்ளைகளையும் வேறு வேறாகக் கண்டறிந்த கண்ணே அவ்வாசிரியரின் பெரும் செல்வம் என்று நான் கருதுகின்றேன். வகுப்பிலே அவரிலும் தெளிவாக விளக்க வல்லவர் வேறு சிலர் இருந்திருக்கலாம். பாடத்தின் அழகை மாணாக்கர் உணரும்படி செய்தவர் அவரே என்பது விக்னரின் கருத்து.

இவ்விடத்தில் வாசகர்க்கு ஓர் ஐயம் எழலாம், எனக்கும் எழுந்தது. நொய்மானும் விக்னரும் றாற்ஸிடம் வந்திராவிட்டால் அவரை எவர் நினைப்பர்? அவ்விருவரும் எவரிடம் கற்றிருந்தாலும் பெரியோராகவே விளங்கியிருப்பர் என்று வாதிப்பாரும் உளர். அதிற் சிறிது உண்மையுண்டு. மாணாக்கனின் புகழைக் கொண்டு ஆசிரியரை அளப்பது, நல்ல நிலம் வாய்த்தவனையே நல்ல கமக்காரன் என்பதை ஒக்கும். வரண்ட தரையிலே கிணறு வெட்டிப் பயிர் வளர்த்தவனுக்கு அவ்வளவுகோலில் இடமில்லை. ஆனால் றாற்ஸின் கணக்கு அவ்விருவரோடு முடிவதன்று. முப்பத்தைந்து ஆண்டுகளாக அவரிடம் கற்று வைத்தியராகவும் வழக்கறிஞராகவும் வணிகராகவும் வாழ்ந்தவர் எத்தனையோ பேர். பெயரறியாத ஊர்களிலிருந்து தபால் அனுப்பிய சிறுவர் வேறு. அவர்களது கடிதங்களை மேதையின் கடிதமென்றும் ஏனையோர் கடிதமென்றும் முன்கூட்டியே பிரிக்க எவராலும் இயலாது. எல்லாவற்றையும் படித்தே தீரல் வேண்டும். அவ்வாறு படித்ததே அவரது தொண்டு.

யுத்தத்துக்குப் பிந்திய காலம் அந்நாட்டுக்கு நல்ல காலமன்று. தோல்வி, புரட்சி, எதிர்ப்புரட்சி என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1920இல் யூத மாணாக்கர் பல்கலைக்கழகங்களிற் சேர்வதைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று நிறைவேறியது. றாற்ஸ் தேடிக் கண்ட பிள்ளைகளுள் எத்தனையோ பேருக்குச் சொந்த நாட்டிலே கதவடைக்கப்பட்டது. தந்தையரின் விருப்பப்படி விக்னர் பேர்லினுக்கும், நொய்மான் பேர்லினுக்கும் பின்னர் சூரிச்சுக்கும் இரசாயனப் பொறியியல் கற்கச் சென்றனர். இருவரும் இறுதியில் அமெரிக்காவில் நிலைத்தனர். பள்ளியிற் சேர்வதற்கும் பல்கலைக்கழகத்திற் சேர்வதற்கும் இடையே ஒரு சட்டம் புகுந்து பிள்ளைகளை நாட்டைவிட்டு ஓட்டுவது எத்தகையது என்பதை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

றாற்ஸ் 1925இல் இளைப்பாறினார். அவ்வாண்டிலேயே அந்தோர் பரகோ என்னும் ஆசிரியர், நின்றுபோன சஞ்சிகையைப் பௌதிகத்தையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார். அதனைக் காணும் பேறு றாற்ஸுக்குக் கிட்டியது. 1930ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 30ஆந் திகதி புடாபெஸ்ற் நகரில் அவர் காலமானார். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் வந்த அரசு 1952இல் அப்பாடசாலையை மூடிவிட்டது. 1989 வரை அது மூடியே கிடந்தது.

பாடசாலை மூடிக்கிடந்த அவ்வாண்டுகளில் றாற்ஸின் படமொன்று அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் ஒரு சுவரிலே தொங்கிக்கொண்டிருந்தது. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் விக்னரின் அலுவலக அறைச் சுவர் அது. 1963இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற விக்னர், ஆசிரியரைப் பற்றி எவரேனும் வினவினால் அப்படத்தைச் சுட்டிக்காட்டுவார். ஐன்ஸ்ரைன் முதலியோரோடு நெருங்கிப் பழகிய பெருமகன் ஒருவரின் சுவரில் தொங்கியது தம் இளமைக்காலப் பள்ளியாசிரியரின் முகம்.

ஹங்கேரியரும் வாளாவிருக்கவில்லை. 1950ஆம் ஆண்டளவிற் கணிதச் சங்கத்தார் சிறந்த கணித ஆசிரியர்க்கு வழங்கும் பரிசொன்றுக்கு மனோ பேக்கெயின் பெயரை இட்டனர். 1961இல் பௌதிகச் சங்கத்தார், பரிசோதனை வாயிலாகப் பௌதிகம் கற்பிப்பதிற் சிறந்த ஆசிரியர்க்குரிய பரிசுக்கு ஷாண்டர் மிக்கோலாவின் பெயரை இட்டனர். நாடெங்குமுள்ள கணித ஆசிரியர் ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களிற் கூடும் மாநாடு றாற்ஸின் பெயரால் நடைபெறலாயிற்று. அவர் பெயரிலேயே ஒரு பரிசு ஏற்பட்டது 2000ஆம் ஆண்டில். எரிக்சன், கிராபிசொவ்ற், கெடியொன் ரிக்டர் என்னும் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அதனை நிறுவின. 2001 முதல் வழங்கப்பட்டு வருகின்றது. கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகிய பாடங்களுக்கு இவ்விரு ஆசிரியர் தெரிவு செய்யப்பட்டனர். சில ஆண்டுகளின் பின் உயிரியலும் சேர்க்கப்பட்டது. ஒரு பரீட்சையின் பேறுக்காகவோ புகழ்பெற்ற ஒரு மாணாக்கனுக்காகவோ அன்றி, வாழ்நாள் முழுவதும் செய்த பணிக்காகவே அது கொடுக்கப்படுகின்றது. வணிக நிறுவனங்கள் இதற்கு முன்வந்தது ஏன் என்று கேட்கலாம். அவற்றின் தொழிற்கூடங்களிற் பணிபுரியும் பொறியியலாளரும் இரசாயனவறிஞரும் எங்கோ ஒரு பள்ளியில் ஒருவரிடம் முதற்பாடம் கற்றவர்களே.

அப்பரிசுக்கு இட்ட பெயரிற் பட்டமுமில்லை, பதவியுமில்லை. பாசோரிப் பாடசாலையின் நடைபாதைகளிற் பிள்ளைகள் அவரை எவ்வாறு அழைத்தனரோ அதனையே பெயராக வைத்துவிட்டனர்: றாற்ஸ் தனார் ஊர். தனார் என்பது அவர்கள் மொழியில் ஆசிரியர். ஊர் என்பது ஐயா போன்றதொரு மரியாதைச் சொல். நம் பக்கத்திற் சொல்வதானால், றாற்ஸ் மாஸ்ரர் பரிசு.